எழுந்திரு என்று சொல்ல வேண்டியவர்கள்

சன்னாசிக்கு முதன்முதலில் அநியாயம் செய்தவன் அவன் பெண்டாட்டியின் தம்பி சிங்காரம். மார்ஷல் அதற்கு அப்புறம்தான் வருகிறார், எண்ணெய்க் கம்பெனித் துரை அதற்கும் அப்புறம். ஊரில் பலர் இந்த வரிசையைத் தப்பாகச் சொல்வார்கள். பெரிய ஆளைத் திட்டினால் தங்களுக்கும் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொள்ளும் என்று மார்ஷலை முதலில் வைப்பார்கள், அதுவும் வாய்க்குள்ளேயே. சன்னாசி அப்படி இல்லை. யார் முதலில் கை வைத்தானோ அவன்தான் முதல் ஆள். மற்றவர்களெல்லாம் சிங்காரம் திறந்துவிட்ட வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள்.

கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில், பெரிய ஆறு பல கிளைகளாகப் பிரிந்து சேறும் சகதியுமாகக் கடலில் கலக்கிற இடத்தில் ஏழாங்கரை என்ற அந்த ஊர் இருந்தது. எந்தக் காலத்திலோ கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்ட தமிழ்ச் சனங்கள் சதுப்பை வெட்டி வயலாக்கி, வெள்ளத்துக்குப் பயந்து மரக்கால்களின் மேல் வீடு கட்டி, பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, அங்கேயே தங்கிவிட்டார்கள். நாட்டை மார்ஷல் ஆண்டார். அவருக்கு முன்னால் ஆண்டது யார் என்று கேட்பது குற்றம். அவருக்குப் பின்னால் யார் என்று கேட்பது அதைவிடப் பெரிய குற்றம். அவர் படம் ஒவ்வொரு வீட்டிலும் சாமி படத்துக்கு ஒரு சாண் மேலே தொங்க வேண்டும். ஊரைவிட்டு வெளியே போகக் கேப்டனிடம் சீட்டு வாங்க வேண்டும், சீட்டு வாங்கக் கேப்டனைப் பார்க்க வேண்டும், கேப்டனைப் பார்க்கச் சிங்காரத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிங்காரத்தைத்தான் பட்டாளத்துக்காரர்கள் ஊருக்குத் தலைவனாக வைத்திருந்தார்கள். வயலில் தண்ணீர் நிற்கிற காலத்தில் அடியிலிருந்து வாயு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி மேலே வந்து வெடிக்கும், தீக்குச்சி காட்டினால் நீலமாக எரியும். ஊர்க்காரர்கள் அதை ஒரு வேடிக்கை என்று நினைத்தார்கள். கம்பெனிக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை.

ஏழாங்கரையில் ஒரு பழக்கம். ஒருவர் காலில் விழுந்தவர் தானாக எழக் கூடாது. யார் காலில் விழுந்தாரோ அவர் குனிந்து தோளைத் தொட்டு, எழுந்திரு என்று சொல்ல வேண்டும். அதுவரை விழுந்தவர் விழுந்தபடியே கிடப்பார். சொல்ல வேண்டியவர் சொல்லாமல் போனால் அந்த ஒரு சொல் பாக்கி நிற்கும், அது அவர் குடும்பத்துக்கே கேடு. இதை வைத்து நிறையப் பேர் காரியம் சாதித்திருக்கிறார்கள். மேலத்தெரு கிழவி ஒருத்தி, குடிகார மருமகன் தீபாவளிக்கு வந்து காலில் விழுந்ததும், சாராயத்தைத் தொடமாட்டேன் என்று சொல்லும் வரை வாயைத் திறக்காமல் நின்றாள். அவன் பொழுது சாயும் வரை கிடந்து பார்த்துவிட்டுக் கடைசியில் சொன்னான், அப்புறம் எழுந்துபோய்க் குடித்தான் என்பது வேறு கதை.

கம்பெனிக்கும் மார்ஷலுக்கும் ஒப்பந்தம் ஆகி, அதில் கையெழுத்துப் போட மந்திரி ஏழாங்கரைக்கே வருகிறார் என்று செய்தி வந்ததும் சிங்காரத்துக்கு ஒரு யோசனை பிறந்தது. ஊர்ச் சார்பில் ஒருவர் மந்திரி காலில் விழ வேண்டும். நேராகச் சன்னாசியிடம் வந்தான்.

"மச்சான், வயசான ஆளா இருந்தாப் பாக்க நல்லா இருக்கும். நீங்க விழுங்க."

"நீ விழு. உனக்குத்தான் பழக்கம்."

"நான் தலைவரு மச்சான். நான் மேடையில நிக்கணும்."

"அப்ப மேடையிலேருந்து விழு. இன்னும் நல்லா இருக்கும்."

சிங்காரம் இதற்கெல்லாம் கோபப்படுகிறவன் இல்லை. அவன் பாட்டுக்கு வீட்டுக்குள் போய்த் தன் அக்கா தவமணியிடம் கேட்டான். தவமணிக்குத் தம்பி என்றால் உயிர். தாய் இல்லாத பிள்ளை என்று இடுப்பிலேயே சுமந்து வளர்த்தவள். சரிடா என்றாள். சன்னாசிக்கு இது தெரிந்தபோது அவள் பட்டுச்சேலை கட்டி மைதானத்துக்குப் போய்விட்டாள்.

பெண்கள் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தால் போதும், அதுதான் ஊர் வழக்கம். தவமணியும் அப்படித்தான் செய்யப் போனாள். மேடையிலிருந்து சிங்காரம் குனிந்து, "நெடுஞ்சாண்கிடையா விழுக்கா, படம் எடுக்கிறாங்க" என்றான். அவள் கையைத் தலைக்கு மேலே நீட்டிக் கும்பிட்டபடி, முழு உடம்பும் மண்ணில் பட விழுந்து, இடது கன்னத்தைத் தரையில் வைத்தாள். இந்த ஒரு வார்த்தையைத்தான் சன்னாசி சிங்காரத்தின் பேரில் முதல் குற்றமாக வைத்திருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் ஒப்பந்தத்தை வாசித்தார்கள். ஏழாங்கரையின் மண்ணும், மண்ணுக்குக் கீழே உள்ளதும், மண்ணின் மேல் கிடப்பதும் இன்று முதல் கம்பெனியைச் சேரும் என்று அரசாங்க மொழியில் ஒரு தடவையும் துரையின் மொழியில் ஒரு தடவையும் வாசித்தார்கள். மந்திரி கையெழுத்துப் போட்டார், துரை கையெழுத்துப் போட்டார், இருவரும் கை குலுக்கினார்கள், குலுக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களே தவிரக் காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. மந்திரி கடிகாரத்தைப் பார்த்தார். ஹெலிகாப்டர் கிளம்பியது. அது கிளப்பிய புழுதி எல்லாம் தவமணியின் பட்டுச்சேலையில் வந்து படிந்தது.

அவள் எழவில்லை. சனங்கள் சுற்றி நின்றார்கள்.

"போயிட்டான். எந்திரி" என்றான் சன்னாசி.

"நீங்க சொன்னா ஆச்சா? உங்க கால்லயா விழுந்தேன்?"

"என் கால்ல விழுந்து என்னைக்கு எந்திரிச்ச நீ. விழுந்தாத்தான."

கூட்டத்தில் சிரித்தார்கள். தவமணியும் மண்ணில் வாயை வைத்துக்கொண்டே சிரித்தாள். சிங்காரம் இறங்கி வந்து, மந்திரி சார்பில் நானே சொல்கிறேன் என்று தோளைத் தொட்டு, எழுந்திரு அக்கா என்றான். அவள் கையை ஊன்றப் பார்த்தாள். கை வரவில்லை. முழங்காலை மடக்கப் பார்த்தாள். வரவில்லை. ஆம்பிளைகள் நாலு பேர் பிடித்துத் தூக்கினார்கள், எட்டுப் பேர் தூக்கினார்கள், மலையைப் பிடித்து ஆட்டியது போலிருந்தது. அப்போது பக்கத்துத் தென்னையிலிருந்து ஒரு நெற்று விழுந்தது. ஒருவன் சும்மா எடுக்கப் போனான். அதுவும் அசையவில்லை.

அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது, மண்ணில் விழுந்தது எதுவும் இனி நம்முடையது இல்லை என்று. ஏன் இப்படி என்று யாரும் அதிகம் யோசிக்கவில்லை. அரசாங்கம் ஒன்றை எழுதிவிட்டால் அது நடக்கத்தானே செய்யும், மழை பெய்யாத ஆண்டில் நல்ல மழை என்று எழுதினார்கள், எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு போகவில்லையா. நிற்கிறவனையும் நடக்கிறவனையும் மண் விட்டுவிட்டது, அவன் வழிப்போக்கன். உட்கார்ந்தவன், படுத்தவன், விழுந்தவன், அவன்தான் மண்ணைச் சேர்ந்தவன். ஆகவே ஏழாங்கரையில் எல்லாவற்றையும் கட்டிவைக்கப் பழகினார்கள். கரண்டிக்குக் கயிறு, வெற்றிலைப் பெட்டிக்குக் கயிறு, மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு, கிழவர்களின் பல்செட்டுக்குக்கூடக் கயிறு. குழந்தைகளை மரவீட்டின் பலகைத் தரையில் மட்டும் தவழவிட்டார்கள், கீழே இறக்கினால் ஒருவர் மாற்றி ஒருவர் இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். மாடு படுத்து அசைபோடாமல் இருக்க வயிற்றுக்கடியில் மூங்கில் கட்டித் தாங்கல் கொடுத்தார்கள், மாடுகளும் நின்றபடியே கண்ணைச் சொருகி அசைபோடக் கற்றுக்கொண்டன. ஒப்பந்தத்தன்று காலையில் போட்ட கோலங்கள் அழியவே இல்லை, எறும்பு வந்து அந்த மாவை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது, பெண்களும் இனித் தினம் போட வேண்டாம் என்று நிம்மதியாகி, பிறகு கை சும்மா இருக்க முடியாமல் கதவில் கோலம் போட்டார்கள். விதை மண்ணில் விழுந்ததும் கம்பெனியுடையது, முளைத்து நின்றதும் நம்முடையது, கதிர் முற்றித் தலை சாய்ந்து தரையைத் தொட்டால் மறுபடியும் கம்பெனியுடையது என்பதால் நெல்லைப் பச்சை வாடை போகும் முன்பே அறுத்து, கையிலிருந்து கைக்கு வாங்கிப் படகில் போட்டார்கள். பாடையை மயானம் போகும் வழியில் இறக்கிவைத்துத் தோள் மாற்றுகிற வழக்கம் நின்றுபோனது. இறக்கினால் அங்கேயேதான்.

விழுந்ததை எடுக்கக் கம்பெனி ஆட்களால் மட்டும் முடிந்தது. மஞ்சள் பேட்ஜ் ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டால் போதும், தேங்காய் பழையபடி தேங்காய் எடைதான். அவர்கள் கூடையோடு வந்து தேங்காய், சருகு, காசு, செருப்பு, அசந்து படுத்துவிட்ட கன்றுக்குட்டி என்று பொறுக்கிக்கொண்டு போய்த் தகரக் கிட்டங்கியில் அடுக்கினார்கள். பேட்ஜ் போட்டவன் எதைத் தூக்கினாலும் அவன் கால் தானாகவே கிட்டங்கிப் பக்கம்தான் போகும். ஒருத்தி தன் மகனையே பேட்ஜ் போட வைத்து, விழுந்த தாலிக்கொடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாடா என்றாள். அவன் எடுத்தான், வீட்டைப் பார்த்துத் திரும்பினான், கால் கிட்டங்கிக்குப் போனது. அழுதுகொண்டே போனான்.

ஊரில் முதல் பேட்ஜ் சிங்காரத்துக்குக் கொடுத்தார்கள்.

தவமணிக்கு மேலே சன்னாசி கீற்றுப் பந்தல் போட்டான். காலையிலும் மாலையிலும் பெண்கள் வந்து நாலு பக்கமும் சேலையைப் பிடித்து மறைத்துக்கொண்டு அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். சோற்றைப் பிசைந்து சன்னாசி ஊட்டினான், நின்றபடி குனிந்து குனிந்து அவன் முதுகு வில்லாகிப் போனது. நாளாக ஆக அவள் காலைப் பார்த்தே ஆளைச் சொல்லத் தொடங்கினாள். செருப்பின் தேய்மானத்தைப் பார்த்து யாருக்கு யார் மேல் மனத்தாங்கல், யார் வீட்டில் சண்டை, யார் எங்கே போய்விட்டு வருகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். பெண்கள் பந்தலடியில் நின்றுகொண்டே கதை பேசினார்கள். ஊருக்கு அவள் கிடப்பது பழகிவிட்டது. ஒரு மரம் இருப்பது போல, ஒரு கிணறு இருப்பது போல. சன்னாசிக்கு மட்டும் பழகவில்லை.

முதலில் கேப்டனிடம் போனான். கேப்டன் நல்ல மாதிரியாகவே பேசினார்.

"மண் அவர்களுடையது, பெரியவரே. அவர்கள் மண்ணில் கிடப்பதை எழுந்திரு என்று நான் சொன்னால் ஒப்பந்தத்தை மீறியதாக ஆகும். மார்ஷல் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். நீங்கள் கம்பெனியில் கேளுங்கள்."

கம்பெனி முகாமுக்குப் போனான். துரை நாற்காலி போடச் சொன்னார், பிஸ்கட் கொடுத்தார். மரியதாஸ் என்று பட்டணத்துத் தமிழன் ஒருவன் பேச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிச் சொன்னான்.

"துரைக்கு ரொம்ப வருத்தம் ஐயா. உங்க சம்சாரத்த நெனச்சு நேத்து சரியாச் சாப்பிடலையாம்."

"சாப்பிடச் சொல்லுங்க. சாப்பிட்டுட்டு வந்து எழுந்திருன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

மரியதாஸ் சொன்னான். துரை நெஞ்சில் கையை வைத்து நீளமாகப் பேசினார். மரியதாஸ் அதைச் சுருக்கினான்: "அவங்க மந்திரி கால்லதான விழுந்தாங்க. அது உங்க அரசாங்கத்துக்கும் உங்களுக்கும் உள்ளது. எந்த நாட்டுலயும் உள்விவகாரத்துல கம்பெனி தலையிடுறதில்லையாம்."

"அவ கெடக்குற மண்ணு கம்பெனியோடது தான?"

"மண்ணு கம்பெனியோடது. விழுந்தது அரசாங்கத்தோடது."

சன்னாசி திரும்பக் கேப்டனிடம் போனான், கேப்டன் திரும்பத் துரையிடம் அனுப்பினார், அந்தப் பாதையில் அவன் நடந்து நடந்து புல் செத்து ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. கேப்டன் ஓட்டிய ஜீப் கம்பெனி கொடுத்தது. கம்பெனி வாசலில் நின்ற துப்பாக்கிகள் கேப்டன் கொடுத்தவை. ஒரு நாள் முகாமுக்குள் போனபோது இருவரும் ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இன்று தப்ப முடியாது என்று சன்னாசி மேசைக்கு முன்னால் போய் நின்று, உங்கள் இரண்டு பேரில் யார் சொல்ல வேண்டும் என்று கேட்டான். கேப்டன் கோப்பையைத் துரை பக்கம் நீட்டினார். துரை கோப்பையைக் கேப்டன் பக்கம் நீட்டினார். கோப்பை இரண்டும் நடுவில் மெல்ல முட்டிக்கொண்டு கிணுங்கென்றது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட சிரிப்பு இல்லை, இரண்டு சிநேகிதர்கள் சிரிப்பது போலத்தான் சிரித்தார்கள். அதனால்தான் சன்னாசியால் அதை மறக்க முடியவில்லை.

இதற்குள் குழாய் வந்தது. ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிய இரும்புக் குழாய், ஊரின் நடுவே, வயலின் நடுவே, சுடுகாட்டின் ஓரமாக, கடல் வரை. அது மைதானத்தைக் குறுக்கே தாண்டிப் போக வேண்டும். கயிறு பிடித்துப் பார்த்தார்கள், கயிறு தவமணியின் இடுப்புக்கு மேலே போனது. குழாயைத் திறக்க மார்ஷலே வருகிறார், அதற்குள் இடம் காலியாக வேண்டும் என்றார்கள். சிங்காரம் பேட்ஜைக் குத்திக்கொண்டு பந்தலுக்கு வந்தான். புது பூட்ஸ் போட்டிருந்தான்.

"யாருடா அது, பூட்ஸ் கடிக்குது போல, நொண்டுற" என்றாள் தவமணி.

"நாந்தான்க்கா. உன்னைத் தூக்க வந்திருக்கேன்."

"தூக்கி எங்கடா வைப்ப?"

சிங்காரம் சட்டையிலிருந்த பேட்ஜைத் தடவினான்.

"சொல்லுடா. தேங்காய்ப் பக்கத்துலயா, கன்னுக்குட்டி பக்கத்துலயா?"

"நெழலா இருக்கும்க்கா. ஃபேன் வைக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. இங்க மண்ணுலயும் மழையிலயும் எத்தனை நாள்."

"கிட்டங்கிக்குள்ள போனது எதாச்சும் வெளிய வந்திருக்கா இதுவரைக்கும்?"

"மச்சான், நீங்களாவது சொல்லுங்க."

சன்னாசி சோற்றுக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நின்றான். "தொட்டுப் பாரு" என்றான். சிங்காரம் குனிந்தான், அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனான், அவள் கன்னத்தைத் திருப்ப முடியாமல் ஒற்றைக் கண்ணால் அவன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையை எடுத்துக்கொண்டு, மார்ஷல் வரும்வரை தவணை கேட்டுப் பார்க்கிறேன் என்று நொண்டிக்கொண்டே போனான். தவணை கிடைத்தது. திறப்புக்கு மட்டும் ஓரமாக ஒரு சின்னக் குழாயை ஓட்டிக்கொள்வது, மார்ஷல் வந்துபோன பிறகும் பெண் கிடந்தால் கிட்டங்கி, அவ்வளவுதான் என்றார்கள்.

அதைக் கேட்டதும் சன்னாசிக்கு முதல் தடவையாக நம்பிக்கை வந்தது. மந்திரி சொல்ல மறந்ததை மார்ஷல் சொல்லலாமே. மந்திரியின் கால் யாருடைய கால், மார்ஷலின் கால்தானே. மார்ஷலுக்கு மேலே யாரைக் காட்டிக் கையை நீட்டுவார்கள். அவன் ஊரெல்லாம் சொன்னான், ஊரும் நம்பியது. ஏழாங்கரைக்காரர்கள் செய்த தப்பு இதுதான். விழுந்தவளை எழுப்பாமல் போனவனைத் திட்டினார்களே தவிர, விழுவது தப்பு என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. தவமணிக்கு மஞ்சள் பூசினார்கள், தலையில் பூ வைத்தார்கள், கன்னத்தில் ஒட்டிய மண்ணை ஈரத்துணியால் ஒற்றினார்கள், பட்டுச்சேலையை நனைத்துத் துடைத்தார்கள். மார்ஷல் கண்ணில் படட்டும் என்று பந்தலைப் பிரித்தார்கள்.

மார்ஷல் வந்தார். படத்தில் இருப்பதைவிடக் குள்ளம், படத்தில் இருப்பதைவிடக் கிழவர். பக்கத்தில் துரை, பின்னால் மந்திரி, அதற்குப் பின்னால் கேப்டன். குழாயின் திருகைத் திருகப் போகிற வழியில் மைதானத்து நடுவே வந்ததும் மார்ஷல் நின்றார். குனிந்து பார்த்தார். இடுப்பிலிருந்த பிள்ளைகள்கூட அழவில்லை.

"எவ்வளவு நேரமாக இப்படி?" என்று கேட்டார்.

"தாங்கள் இந்த மண்ணுக்கு அருள் செய்த நாளிலிருந்து" என்றார் மந்திரி.

மார்ஷலின் முகம் மலர்ந்தது. துரையிடம் திரும்பி, உங்கள் நாட்டில் இப்படி உண்டா என்று கேட்டார். துரை இல்லை என்று தலையாட்டி, உண்மையிலேயே மனம் இளகியவர் போல நெஞ்சில் கையை வைத்தார். படம் எடுத்தார்கள். மார்ஷல் இன்னும் கொஞ்சம் குனிந்தார், தோளைத் தொடுகிறவர் போலக் கையை நீட்டினார், நரைத்த மீசைக்குக் கீழே அவர் உதடு பிரிந்ததைச் சன்னாசி தன் கண்ணால் பார்த்தான்.

"அழகாக இருக்கிறது" என்றார் மார்ஷல். "இப்படியே இருக்கட்டும்."

நிமிர்ந்து போய்விட்டார். திருகைத் திருகினார். குழாயின் அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் கிளம்பியது. கடற்கரை ஓரமாக நட்டிருந்த உயரமான இரும்புக் கம்பத்தின் உச்சியில் தீ பிடித்தது. அன்று முதல் ஏழாங்கரையில் இருட்டு என்பது இல்லை. சமைக்கிற நெருப்புக்கு மட்டும் பழையபடி சுள்ளிதான், அதுவும் மரத்தில் ஏறி ஒடித்த சுள்ளி.

மார்ஷலின் வாக்கு சட்டம் என்பதால் கம்பெனி பெரிய குழாயைத் தவமணியைச் சுற்றி வளைத்துப் போட்டது. அவளைச் சுற்றி நாலு பித்தளைக் கம்பம் நட்டு மஞ்சள் கயிறு கட்டினார்கள். பந்தல் கூடாது என்றார்கள், மார்ஷல் பார்த்தபோது பந்தல் இல்லை. ஊரில் பாதிப் பேர், நல்லதாகப் போயிற்று, கிட்டங்கிக்குப் போகவில்லையே என்றார்கள். சிங்காரம் கயிற்றுக்கு வெளியே வந்து நின்றான்.

"பாத்தீங்களா மச்சான். குழாயே வளஞ்சு போகுது. இந்த நாட்டுல யாருக்கு இந்த மரியாதை கெடைக்கும், சொல்லுங்க."

சன்னாசி அவனைப் பார்த்தான். கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். தவமணி அழுதுகொண்டிருந்தாள். கிடந்த நாள் முதல் அவள் அழுது அவன் பார்த்ததில்லை. மேல்கண்ணில் வந்த தண்ணீர் மூக்கைத் தாண்டிக் கீழ்க்கண்ணுக்குள் இறங்கியது, அங்கிருந்து மண்ணுக்குப் போனது, அதுவும் கம்பெனிக்கு.

"இனி யாருகிட்டப் போவீங்க" என்றாள்.

"யாருகிட்டயும் போகல."

"எனக்குக் கழுத்து வலிக்குதுங்க."

அவன் வேட்டியை மடித்துக் கட்டினான். யாருக்கும் தலை வணங்காமல் இத்தனை வயது வந்தவன் அவன், அதை ஊரும் அறியும். மெல்ல உட்கார்ந்தான். உட்கார்ந்ததுமே மண் பிடித்துக்கொண்டது, பரவாயில்லை என்று மல்லாந்து சாய்ந்தான். குப்புற இல்லை, மல்லாந்து. அவள் கை எப்படித் தலைக்கு மேலே நீண்டிருந்ததோ அதே மாதிரி தன் கையையும் நீட்டி அவள் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்துக்கொண்டான். விரல் மட்டும் அவளுக்கு அசையும். இறுக்கிப் பிடித்தாள்.

காவல்காரர்கள் ஓடி வந்தார்கள். கேப்டனும் வந்தார்.

"யாருக்காக விழுந்திருக்கிறீர்?"

"நான் விழல. படுத்திருக்கேன். வானத்தப் பாத்துப் படுத்திருக்கேன்."

இது குற்றமா இல்லையா என்று கேப்டனுக்குத் தெரியவில்லை. ஒப்பந்தப்படி மண்ணில் கிடப்பது கம்பெனியுடையது, ஆகவே துரைக்கு ஆள் அனுப்பினார். துரை யோசித்து, இது பொருளாகக் கணக்கில் வராத வரையில் கிட்டங்கிக்குக் கொண்டுபோகலாம் என்றார், அதன் பொருள் மரியதாஸுக்கே விளங்கவில்லை. கடைசியில் சிங்காரத்தைக் கூப்பிட்டு, தூக்கு என்றார்கள். சிங்காரம் பேட்ஜைச் சரிசெய்துகொண்டு மச்சான் இடுப்பில் கை கொடுத்தான். பஞ்சு போல வந்துவிடுவார் என்றுதான் இருந்தது. அப்போது தவமணியின் கை கூடவே அசைந்தது. தோள் அசைந்தது. இழுத்த இழுப்பில் அவள் கன்னம் மண்ணைவிட்டு ஒரு நெல்மணி அளவுக்குக் கிளம்பியது.

"நிறுத்து" என்று கத்தினார் கேப்டன். மார்ஷல் இப்படியே இருக்கட்டும் என்று சொன்னது இப்படியே இருக்க வேண்டும். கன்னம் நகரக் கூடாது. கையைப் பிரிக்கலாமா என்றார்கள், பிரித்தால் விரல் நகரும். பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு ஒருவன் பின் ஒருவனாகப் போய்விட்டார்கள். சிங்காரம் கடைசியாகப் போனான்.

அப்படி இருவரும் அங்கே தங்கிவிட்டார்கள். பெண்கள் இப்போது இரண்டு வாய்க்கு ஊட்டினார்கள். மழைக்குச் சன்னாசி வாயைத் திறந்து வைத்துக்கொள்வான். தவமணிக்குக் கால்கள் தெரியும், சன்னாசிக்கு முகங்கள் தெரியும். யாராவது வந்தால் அவள் காலைச் சொல்வாள், அவன் முகத்தைச் சொல்வான், இருவரும் சேர்ந்து ஒரு முழு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

பிறகு ஒரு நாள் மார்ஷல் செத்துப்போனார், அல்லது சாகடிக்கப்பட்டார். வீடுகளில் படம் மாறியது. ஆணியும் அதுதான், சாமிக்கு ஒரு சாண் மேலே என்ற அளவும் அதுதான். புது ஜெனரல் வந்தார். பழைய ஒப்பந்தங்கள் எல்லாம் அப்படியே செல்லும், முந்தைய ஆட்சி செய்த மற்றக் காரியங்களுக்குத் தாம் பொறுப்பில்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தீ அணையவில்லை. துரையும் மாறவில்லை, தலை மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. அவர் புது ஜெனரலுக்குக் குழாயைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார், மஞ்சள் கயிற்றுக்குப் பக்கத்தில் வந்ததும் இருவரும் நின்றார்கள்.

"புது பூட்ஸ்" என்றாள் தவமணி. "இன்னும் சேறு படல. பக்கத்துல துரையோட அதே மஞ்சள் சப்பாத்து."

"ஆமா, அவருதான். கூட ஒருத்தன் சின்ன வயசு. மீச இல்ல."

"நம்மளப் பாக்குறானா?"

"பாக்குறான்."

"கேளுங்களேன்."

"நான் ஏன் கேக்கணும். அந்த வார்த்தை நமக்கு வர வேண்டிய பாக்கி. அவனுகளாச் சொல்லணும்."

"வாயத் தொறக்கிறானா?"

சன்னாசி மல்லாந்தபடி பார்த்தான். வானத்தை மறைத்துக்கொண்டு இரண்டு முகங்கள் அவன் மேல் குனிந்திருந்தன. ஜெனரல் துரையைப் பார்த்தார். துரை ஜெனரலைப் பார்த்தார்.

"இன்னும் இல்ல" என்றான் சன்னாசி.